சிங்கப்பூர் சைட்டில் தலையில் அடிபட்டால்: முதல் நாளிலிருந்து இழப்பீடு கைக்கு வரும்வரை

டார்மிட்டரி (தொழிலாளர் விடுதி) சமையல்கூடத்தில் ஒருநாள் பருப்பு அடிப்பிடித்துப் புகை எழுந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கே நாற்றம் வந்துவிட்டது. அடுப்புக்கு முன்னாலேயே கரண்டியோடு நின்ற அண்ணனுக்குத் தெரியவில்லை. "என்னண்ணே, தீயுது!" என்று நான் ஓடிவந்து அடுப்பை அணைத்த பிறகுதான் சட்டியைக் குனிந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வாசம் வரலையேடா" என்றார்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் சைட்டில் சாரக்குழாய் ஒன்று நழுவி அவர் ஹெல்மெட்மேல் விழுந்திருந்தது. ரத்தம் வரவில்லை. பக்கத்து கிளினிக்கில் இரண்டு நாள் எம்சியும் (மருத்துவ விடுப்பும்) பனடால் மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். தலையில் அடிபட்டவர்களுக்கு வாசனை உணர்வு போய்விடுவது உண்டு. அது மூளைக்காயத்தின் ஓர் அடையாளம் என்பது எங்கள் அறையில் அன்று யாருக்கும் தெரியாது. கிளினிக் தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டரிடம் சொல்லி, எழுத வைத்தோம். பின்னால் அவருடைய கேஸைத் தாங்கியது அந்த ஒரு வரிதான்.

கை முறிந்தவரால் வலிக்கிற இடத்தைக் காட்ட முடியும். தலையில் அடிபட்டவருக்குத் தனக்கு என்ன ஆனது என்பதே பல நேரம் தெரியாது. விழுந்த நிமிடம் நினைவில் இருக்காது. "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்வார், அதை நம்பவும் செய்வார். அதனால் அவருக்காகப் பேச வேண்டியவை தாள்களும் அறைக்காரர்களும்தான். சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், ஊரில் போனைப் பிடித்துக்கொண்டு தவிக்கும் வீட்டாருக்கும் எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது

இங்கே இருப்பது 2019ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதன் உயிர்நாடியான விஷயம் ஒன்று: யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலை செய்யும்போது, வேலையால் அடிபட்டது என்றால் போதும். "நீதான் பார்க்காமல் நடந்தாய்" என்று சூப்பர்வைசர் சொன்னாலும் உங்கள் உரிமை போகாது. கவனக்குறைவு வேறு, குடித்துவிட்டு வேலை செய்வது வேறு. மது, போதை மயக்கத்தில் நடந்த விபத்துக்கும், அடிதடியில் இறங்கிப் பட்ட காயத்துக்கும் இந்தச் சட்டத்தில் பணம் கிடைக்காது. கம்பெனி லாரியில் சைட்டுக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நடந்தால் அதுவும் இதில் சேரும். லாரியில் போனதெல்லாம் வேலையிடக் காயம் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உடலுழைப்பு வேலை செய்யும் எல்லோருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி இந்தக் காய இன்சூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும். எடுக்காவிட்டால் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. ஆகவே உங்கள் இழப்பீடு பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரும். முதலாளி முகத்தைப் பார்த்துக் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அடிபட்ட அன்றைக்கு

மயக்கம், வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் தளர்வு, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல அல்லது ரத்தமாக ஒழுகல், இவற்றில் எது இருந்தாலும் 995க்கு அழையுங்கள். சேஃப்டி ஆள் வரட்டும், கம்பெனி வண்டி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நிமிடம்கூட நினைவு தப்பியிருந்தால், எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். சி.டி. ஸ்கேன் எடுக்கும் வசதி சாதாரண கிளினிக்கில் இருக்காது.

ஆஸ்பத்திரியில் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். அந்தப் பதில் அப்படியே மருத்துவக் குறிப்பில் ஏறும். மாதக்கணக்கு கழித்து இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டிப் பார்ப்பதும் அதைத்தான். "வேலை நேரத்தில், இன்ன சைட்டில், இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார்" அல்லது "இன்ன பொருள் தலையில் விழுந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். டார்மில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்லி யாராவது கெஞ்சினாலும் மிரட்டினாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு பொய்யால் கேஸே கவிழ்ந்துவிடும். ஆங்கிலம் வரவில்லை என்றால் தமிழ் தெரிந்த நர்ஸைக் கேளுங்கள், பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், விழுவதற்கு முன் கடைசியாக ஞாபகம் இருப்பது எது, எழுந்தபின் முதலில் ஞாபகம் இருப்பது எது, இதையும் சொல்ல வேண்டும். அடிபட்டவருக்குத் தெரியாது என்றால் பார்த்தவர் சொல்லட்டும். கூடப் போகிறவர் விபத்தைக் கண்ணால் பார்த்தவராக இருந்தால் நல்லது.

அன்றைக்கே இன்னும் இரண்டு வேலை. விழுந்த இடத்தை, விழுந்த பொருளை, உடைந்த ஹெல்மெட்டைப் போட்டோ எடுங்கள். மறுநாள் சைட்டைச் சுத்தம் செய்துவிடுவார்கள். பக்கத்தில் இருந்தவர்களின் பெயரும் போன் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். வங்காளதேசத்துத் தோழராக இருந்தாலும் சீனத் தோழராக இருந்தாலும் சாட்சி சாட்சிதான். ஆறு மாதத்தில் அவர் ஊருக்கே போய்விடலாம், அதனால் ஊர் நம்பரையும் சேர்த்து.

அடுத்த சில வாரம்: இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்து, வாரங்கள் கழித்துத் தொல்லை கொடுப்பதும் உண்டு. டிஸ்சார்ஜ் தாளில் 'ஜிசிஎஸ் 15' என்று இருக்கும். கண் திறப்பு, பேச்சு, கைகால் அசைவு மூன்றுக்கும் போடும் மதிப்பெண் அது. 15 என்றால் முழு மதிப்பெண். அந்த நேரத்தில் ஆள் விழிப்பாக இருந்தார், பேசினார், சொன்னபடி கைகாலை அசைத்தார் என்று மட்டும்தான் அதற்குப் பொருள். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருள் இல்லை. "15 போட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அறைக்காரர்களே, நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை. முன்பு சாதுவாக இருந்தவர் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறாரா? ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? உப்பை இரண்டு தடவை போடுகிறாரா? ஊருக்குப் பணம் அனுப்பியதை மறந்து மறுபடி அனுப்பப் போகிறாரா? வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியவில்லையா, பகலெல்லாம் தூங்குகிறாரா, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறாரா? பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி தமிழிலேயே எழுதுங்கள். 'மறதி அதிகம்' என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. 'செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி, எந்த பிளாக் என்று தெரியாமல் கேட்டிலேயே நின்றார்' என்று எழுதினால் புரியும். ஒவ்வொரு அப்பாயின்ட்மென்டுக்கும் அந்த நோட்டை எடுத்துப் போங்கள். இந்த மாற்றங்கள் மருத்துவக் குறிப்பில் ஏறினால்தான் பின்னால் சதவீதக் கணக்கில் வரும்.

மறதி, கவனம், கோபம் இவற்றில் மாற்றம் தெரிந்தால் 'நியூரோசைக்காலஜி' பரிசோதனைக்கு (நினைவு, கவனம் போன்றவற்றைச் சோதிப்பது) எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். ஸ்கேனில் தெரியாத பாதிப்பு பல அதில் தெரியவரும்.

கம்பெனி செய்ய வேண்டியது, செய்யாவிட்டால் நீங்கள் செய்ய வேண்டியது

வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ கொடுத்திருந்தாலும், விபத்து தெரிந்த 10 நாளுக்குள் முதலாளி மனிதவள அமைச்சுக்கு, அதாவது நாம் எம்ஓஎம் என்று சொல்வதற்கு, தெரிவிக்க வேண்டும். 'ரிப்போர்ட் பண்ணியாச்சா?' என்று வாட்ஸாப்பில் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. பதில் இல்லையென்றால் நீங்களே எம்ஓஎம்முக்குத் தெரிவித்து கிளைம் போடலாம். வக்கீல் வேண்டியதில்லை, கட்டணம் இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கிளைம் போட்டாக வேண்டும். தலைக்காயக்காரருக்கு ஓராண்டு என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும், ஆகவே 'கொஞ்சம் குணமாகட்டும், பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

'கேஸ் போட்டா பெர்மிட்டை வெட்டிடுவாங்க' என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஏஜென்டுக்குக் கட்டிய கடன் இன்னும் அடையாத நிலையில் அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெர்மிட், அதாவது வேலை அனுமதி, ரத்தானாலும், அந்தக் கம்பெனியை விட்டு நீங்கிவிட்டாலும் கிளைம் உயிரோடுதான் இருக்கும். கேஸ் முடியும்வரை சிங்கப்பூரில் தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுக்க அமைச்சுக்கு அதிகாரம் உண்டு. காய இழப்பீடு தீர்ந்து பணம் கைக்கு வரும்வரை உங்கள் தங்குமிடமும் சாப்பாடும் பழைய முதலாளியின் பொறுப்பு என்று பெர்மிட் விதிகளே சொல்கின்றன. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டாலும் அந்தத் தாள் சட்டப்படி செல்லாது. அதற்காகப் புரியாத தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 'வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டிக்கெட் எடுத்துக்கொடுத்து ஊரில் போய் வைத்தியம் பார்த்துக்கொள் என்றால் உடனே எம்ஓஎம்மைக் கூப்பிடுங்கள். அல்லது வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 என்ற 24 மணி நேர எண்ணை அழையுங்கள். ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றால் குடிநுழைவு கவுன்டரில் இருக்கும் அதிகாரியிடமே சொல்லலாம். காயம் ஆறாமல், மதிப்பீடு முடியாமல் ஊருக்குப் போனவர்களுக்குக் கேஸை நடத்துவது பல மடங்கு கஷ்டமாகிவிடுகிறது.

என்னென்ன பணம், எவ்வளவு

மூன்று வகை உண்டு. வைத்தியச் செலவு, எம்சி நாட்களுக்கான சம்பளம், நிரந்தரப் பாதிப்புக்கான மொத்தத் தொகை.

வைத்தியச் செலவுக்கு இந்தச் சட்டத்தில், 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு, 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஓராண்டு, எது முன்னால் வருகிறதோ அதுவரை. அதற்கு முந்தைய விபத்து என்றால் 45,000. மண்டையைத் திறந்து அறுவைசிகிச்சை செய்து ஐசியூவில் வைத்தால் இந்தத் தொகை போதாமல் போகலாம். ஆனால் பெர்மிட்டில் இருப்பவரின் சிகிச்சைக்கு முதலாளிதான் பொறுப்பு என்பது பெர்மிட் நிபந்தனையிலேயே இருக்கிறது. இதுபோக ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை முதல் இருக்கிறது. ஆகவே ஆஸ்பத்திரி பில் வீட்டாரைத் தேடி வந்தால், கடன் வாங்கிக் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

எம்சி சம்பளம்: ஆஸ்பத்திரியில் இருந்த நாளும் ஆஸ்பத்திரி விடுப்பும் 60 நாள் வரை முழுச் சம்பளம், வெளிநோயாளி எம்சி 14 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஓராண்டு வரை. வழக்கமான சம்பள நாளிலேயே கொடுக்க வேண்டும்.

இங்கே ஏமாந்துபோகிற இடம் ஒன்று. 'சம்பளம்' என்றால் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மட்டும் இல்லை. முந்தைய 12 மாதத்தில் ஓடி (கூடுதல் நேர வேலைக்கான பணம்), போனஸ், நிலையான அலவன்ஸ் எல்லாம் சேர்த்த மாதச் சராசரி. பேசிக் 800 வெள்ளி, ஓடி சராசரியாக 500 என்று வைத்துக்கொள்வோம். சரியான கணக்கு 1,300. அதில் மூன்றில் இரண்டு பங்கு சுமார் 867. பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 533தான் வரும். நிரந்தரப் பாதிப்புத் தொகையும் இதே சராசரியை வைத்துத்தான் போடப்படுகிறது. அதனால் முதல் மாதத்திலிருந்தே சம்பளச் சீட்டு, ஓடி பதிவு, வங்கிக் கணக்கு வரவு மூன்றையும் போட்டோ எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம்.

நிரந்தரப் பாதிப்புத் தொகைக்கு இந்தச் சராசரிச் சம்பளம், வயதுக்கேற்ற ஓர் எண், டாக்டர் போடும் பாதிப்புச் சதவீதம், மூன்றையும் பெருக்குகிறார்கள். 100 சதவீதப் பாதிப்புக்குக் குறைந்தது 116,000, அதிகபட்சம் 346,000 வெள்ளி. இதுவும் 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துக்கு. அதற்கு முன் 2020 ஜனவரி முதல் நடந்தவற்றுக்கு 97,000, 289,000. 40 சதவீதம் என்றால் இரண்டு எல்லையும் அதே அளவுக்குச் சுருங்கும்: 46,400 முதல் 138,400. ஆள் முழுக்க முடங்கி 100 சதவீதம் ஆகிவிட்டால், பராமரிப்புச் செலவுக்காக மேலும் 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். குறைந்தபட்சத் தொகையில் பார்த்தாலே 29,000 வெள்ளி அதிகம். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஊரில் மனைவியோ அம்மாவோ வேலையை விட வேண்டியிருக்கும் என்பதால் இதை மறக்காமல் கேட்டுப் பாருங்கள்.

விபத்தில் ஆள் போய்விட்டால் குடும்பத்துக்கு 91,000 முதல் 269,000 வெள்ளி வரை. அந்தக் கேஸையும் எம்ஓஎம் பார்த்துக்கொள்ளும்.

சதவீதம் போடும் நாள்

நிரந்தரப் பாதிப்பு மதிப்பீடு பொதுவாக விபத்து நடந்து ஆறு மாதத்துக்குப் பிறகு நடக்கும். டாக்டர் அறைக்குள் அடிபட்டவரை மட்டும் தனியாக அனுப்பினால், 'எப்படி இருக்கீங்க?' என்ற கேள்விக்கு நம் ஆள் வழக்கமான மரியாதையோடு 'நல்லா இருக்கேன் சார்' என்பார். நான் முதல் தடவை கூடப் போகாமல் விட்டதில் அண்ணன் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த தடவை நானும் உள்ளே போக அனுமதி கேட்டு, நோட்டைக் காட்டி, பருப்பு தீய்ந்த கதையைச் சொன்னேன். டாக்டர் காப்பித்தூள் டப்பா ஒன்றைத் திறந்து அவர் மூக்கருகே பிடித்தார். அண்ணன் தலையை ஆட்டினார், தெரியவில்லை என்று.

வாசனை, சுவை, பார்வை, காது இரைச்சல், தலைசுற்றல், வலிப்பு, தூக்கம், மறதி, கோபம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மிகைப்படுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சதவீதம் வந்ததும் தொகையைக் கணக்கிட்டு நோட்டீஸ் வரும். சதவீதம் குறைவு என்று தோன்றினாலோ சம்பளக் கணக்கு தப்பாக இருந்தாலோ ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கக் கடைசி நாள் நோட்டீஸிலேயே இருக்கும், அவகாசம் வாரக்கணக்கில்தான். ஆகவே நோட்டீஸ் வந்த அன்றே நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். மெடிக்கல் போர்டு (டாக்டர்கள் குழு) மறுபடி பார்க்கும்போது சதவீதம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். கையில் புதிய பரிசோதனை முடிவு எதுவும் இல்லாமல் வெறும் வருத்தத்தில் ஆட்சேபிப்பதை நான் சொல்ல மாட்டேன்.

இழப்பீடா, வழக்கா

இன்னொரு வழியும் உண்டு. முதலாளியோ மெயின் கான்ட்ராக்டரோ பாதுகாப்பில் கவனக்குறைவாக இருந்தார் என்று சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அதில் உச்சவரம்பு கிடையாது. வலிக்கும் வேதனைக்கும், வருங்காலச் சம்பள இழப்புக்கும், ஆயுள்முழுதும் ஆகும் பராமரிப்புக்கும் கேட்கலாம். ஆனால் அவர்கள் தப்பை நீங்கள் நிரூபிக்க வேண்டும், உங்கள் பங்குத் தப்புக்குத் தொகை குறையும், வருடக்கணக்கில் இழுக்கும். வழக்குப் போடப் பொதுவாக மூன்றாண்டு அவகாசம். இரண்டு வழியிலும் சேர்த்துப் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் எண்ணம் இது: லேசான, நடுத்தரக் காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டமே போதும், பணமும் நிச்சயம். 25 வயதுப் பையன் இனி தனியாகக் குளிக்கக்கூட முடியாது என்ற அளவுக்குக் காயம் என்றால், இழப்பீட்டுத் தொகையை ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். கிளைமை முன்னாலேயே போட்டுவைத்துவிட்டு யோசிக்கலாம், ஆனால் பணத்தை வாங்கிய பிறகு கோர்ட்டுப் பக்கம் திரும்ப முடியாது. இலவச ஆலோசனைக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது, டிடபிள்யூசி2, ஹோம் போன்ற தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. டிடபிள்யூசி2 லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில் காயம்பட்டு வேலையில்லாமல் காத்திருப்பவர்களுக்கு 2008 முதல் சாப்பாடு போட்டு வருகிறது. சாப்பிடப் போகும்போதே கேஸ் பற்றிப் பேசலாம்.

ஆள் தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால்

கோமாவில் இருக்கிறார், அல்லது பேசுகிறார் ஆனால் பணம் காசு புரியவில்லை என்றால், அவர் கையைப் பிடித்து ரேகை வைக்க வைப்பது சரியாகாது. அவர் சார்பில் முடிவெடுக்கக் குடும்பத்தில் ஒருவரைச் சிங்கப்பூர் கோர்ட் நியமிக்க மனத்திறன் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும், நேரமும் பிடிக்கும். ஊரில் இருப்பவர்கள் உறவைக் காட்டும் தாள்களை, திருமணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், வாரிசுத் தாள், முன்னாலேயே ஆங்கில மொழிபெயர்ப்போடு தயார் செய்து வையுங்கள். எந்த ஆவணத்தில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், ஆதாரில் இனிஷியல் பின்னால் என்று இருந்தால் அதற்கே இரண்டு மாதம் போய்விடும்.

ஊருக்குத் திரும்பும்போது

டிஸ்சார்ஜ் தாள், அறுவைசிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் படம் உள்ள சிடி, மாத்திரைப் பட்டியல், மதிப்பீட்டுத் தாள், எம்ஓஎம் கேஸ் நம்பர் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்து, ஒன்றுக்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோங்கள். பெட்டியில் போடாதீர்கள். வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் ஊரில் நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்வரைக்கும் போதுமான மாத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், ஒரு வேளைகூட விடக் கூடாது. பைக் ஓட்டலாமா, கிணற்றில் குளிக்கலாமா என்பதையும் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வாசனை தெரியாதவர் வீட்டில் கேஸ் சிலிண்டரை ராத்திரி மூடுவது யார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் வீட்டில் அது இப்போது அவர் மகளின் வேலை.